முகம்: தெரியவில்லை

மாதம் ஒருமுறை அளக்கிறேன்.
தென்கரை, பதினேழாம் எண்.
நீளம் ஐந்து மீட்டர் நாற்பது.
இடத்தோளில் விரிசல்,
போன மாதத்தைவிட ஒரு நகக்கீறல் கூடுதல்.
பாசி வெள்ளை, சாம்பல், ஒரு திட்டு மஞ்சள்.
உப்பு உண்டு.
முகம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்.
ஒன்பது வருடமாக அதில்
தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

குப்புறக் கிடக்கிறான்.
தள்ளியவர்கள் எங்களவர்கள்,
விழுந்தவனும் எங்களவன்தான்.
மீனுக்கா தண்ணீருக்கா என்ன சண்டை என்று கேட்டால்
ஆளுக்கொரு கதை.
என் அம்மா வழியில் தள்ளினோம் என்பார்கள்.
அப்பா வழியில், வேறென்ன, விழுந்தோம்.
கல்யாணத்தில் இரண்டு கூட்டமும்
ஒரே குழியடுப்பைச் சுற்றி நின்று
சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றி
சர்க்கரைவள்ளி தின்னும்.

சாந்தியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல்
கடலைத் தவிர ஒன்றும் பார்க்காமல் பறந்து வருகிறவர்கள்
நிற்கிற சிலைகளிடம் சிரித்துப் படமெடுத்துவிட்டு
இவனிடம் வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்,
ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததுபோல.
கயிற்றைத் தாண்டி ஒரு கால் நீண்டால்
விசில் ஊதுவேன்.
குதிரைகளுக்கு விசில் புரிவதில்லை.
அரிப்பெடுத்த பின்புறத்தை
அவன் இடுப்பில் ஆற அமரத் தேய்த்துவிட்டுப் போகும்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள், மழை விட்ட நேரம்,
கழுத்து முறிந்து தலை சாய்ந்த இடத்தின் இடுக்கிலிருந்து
ஒரு சிவப்புக் கோழி வெளியே வந்தது.
தவாகேயின் கோழி. பத்து நாளாகக் காணோமென்று
என் மச்சானைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.
கோழி என்னைப் பார்த்தது.
சிலுப்பிக்கொண்டது.
முட்டையிட்டவளின் திமிரோடு புல்லுக்குள் போனது.

நான் கயிற்றைத் தாண்டினேன்.
மண்ணில் மல்லாந்து படுத்து
தோள்வரை கையை விட்டேன்.
விசில் பல்லிடுக்கில் இருந்தது.

முதலில் ஈரம், இறகு, எச்சம்.
பிறகு ஒரு விளிம்பு.
உதடு.
மெல்லியது, இறுக்கி மூடியது,
எதையோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்டதுபோல.
மூக்கின் ஒரு மடல் மண்ணுக்குள் புதைந்திருந்தது.
அதற்கு மேலே விரல்கள் வழுக்கி
ஒரு பள்ளத்துக்குள் போயின.
வெண்பவளம் பதித்திருந்த கண்குழி.
அதற்கு நேர் கீழே, அந்தக் குழியையே கூரையாக்கி,
நான்கு முட்டைகள். இளஞ்சூடு.

நிற்கிறவர்கள் முகத்தை மழை தின்கிறது, அளந்திருக்கிறேன்.
வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது.
கன்னம் சோப்புபோலக் கரைந்து
இன்னும் கொஞ்ச நாளில் அவர்களும் வெறும் கல்.
இவன் இமையோரத்திலோ
கல்லுளியின் கொத்துத்தடம் தட்டுப்பட்டது.
ஒன்று, ஒன்று, அப்புறம் கை சற்று தவறிய ஒன்று.
நேற்று வைத்துவிட்டுப் போன வேலைபோல, சொரசொரப்பாக.
அதன்மேல் என் கட்டைவிரல்
எவ்வளவு நேரம் இருந்ததென்று தெரியாது.
தோள் மரத்துப்போனது.
பின்னால் அலை ஒருதரம் பாறையில் அறைந்தது,
யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பதறிக் கையை இழுத்தேன்.
முழங்கையில் சிராய்ப்பு.

மூன்று முட்டையைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டேன்.
ஒன்றை விட்டுவிட்டேன், ஏனென்று கேட்காதீர்கள்.

படிவத்தை ஜீப்பின் மூக்கில் வைத்து நிரப்பினேன்.
விரிசல், பாசி, உப்பு.
முகம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.
கருவிகளோடு வருவார்கள், விளக்கோடு, கேமராவோடு,
அவனைப் புரட்ட ஒரு பாரந்தூக்கியோடுகூட.

வழக்கமான சொல்லையே எழுதினேன்.

திரும்பும் வழியில் தவாகே
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்:
மெராஹி, என் கோழியைப் பார்த்தாயா,
எங்கேதான் போய் முட்டையிடுகிறது?

தொப்பியை மடியில் வைத்து
ஒரு கையால் வண்டியோட்டிக்கொண்டிருந்தேன்.
அவனுக்கும் அதையே சொன்னேன்.